ஒரு ஈடு வேகிற நேரம்

போனை எடுக்காத என் மகனுக்கு,

கோபப்படாமல் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியே இப்படி வந்து விழுந்துவிட்டது. இருக்கட்டும், அடித்துவிட்டு மறுபடி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ கேட்டுவிட்டாய் என்று நீலம் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் இதைத் தாளில் எழுதி நம் தாராவியில் நடக்கிற தமிழ்ப் பத்திரிகைக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. நம் ஆட்களை உனக்குத் தெரியாதா? அச்சில் வந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்கள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதுதான், வேகமாகத் தள்ளிவிட்டுப் போக முடியாது. மெதுவாகவே படி.

அடுத்த மாதம் உன் அம்மாவுக்கு முதல் வருஷ திதி. அதைச் சொல்லக் கூப்பிட்டபோது ஒரே ஒரு தடவை எடுத்தாய். "நான் வரலப்பா. அந்த வீட்ல கால் வைக்க முடியல. அம்மா எதோ சொல்ல வந்திருக்கா, நான் கேக்காம விட்டுட்டேன். சோடோப்பா, விட்ருங்க, இதப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். தாய்க்குச் செய்யவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பேச நான் வரவில்லை. ஊர் கிடக்கட்டும். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று உன்னோடு அறையில் இருக்கிறவன் சொன்னான். புனே என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? மூன்று மணி நேரத்து வழி. அங்கே என் பிள்ளை தனியாகக் கிடந்து சாகிறான், இங்கே நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நைட் ஸ்கூலுக்காக அவள் எழுதி வந்த ஜர்னலின் கடைசிப் பக்கம் உன்னை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருப்பேன், அன்றைக்கு எனக்கு என் பெயரே ஞாபகமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், பாதி உனக்குத் தெரிந்த கதைதான். நீ வேலை மாறிப் புனே போன பிறகு சாயங்காலம் ஆனால் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடியுமுன் எழுந்து இட்லி, மத்தியானம் மாவு ஆட்டுவது, இதெல்லாம் வழக்கம்போல் ஓடிவிடும். நீ ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக் கழற்றுகிற நேரம் வந்ததும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் திடீரென்று வந்து, சயான் பக்கத்தில் இருக்கிற நைட் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள். ஊரில் எட்டாவதோடு நிறுத்திய படிப்பு. நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த வயசுல இங்கிலீஷ் படிச்சு இட்லிக்கா சொல்லிக் குடுக்கப் போற?" என்று கேட்டேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, ஒங்களுக்கு ஏறாது. இட்லிக்காவது ஏறுதான்னு பாக்கேன்" என்றாள். உன் அம்மாவிடம் வாய் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

இங்கிலீஷ் எடுத்த மேடம் மராட்டிப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வகுப்பில் வாட்ச்மேன், தையல்காரர், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், பட்டறைப் பையன்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மேடம் எல்லோரையும் ஆளுக்கொரு ஜர்னல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தினமும் கொஞ்சம் இங்கிலீஷில் எழுத வேண்டும், என்ன மனதில் வருகிறதோ அதை. தப்பு வந்தால் வரட்டும், நான் திருத்த மாட்டேன், மார்க்கும் கிடையாது என்றாள். உன் அம்மா நேராகக் கடைக்குப் போய் "ஜர்னல் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். இங்கே ஜர்னல் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் சயன்ஸ் பிராக்டிகல் நோட்டுதான், கடைக்காரன் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். கெட்டி அட்டை, ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் படம் வரைய வெள்ளை. முதல் தாளில் சர்டிபிகேட். இன்னார் இந்தச் சோதனைகளை எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்தார் என்று அச்சடித்து, கீழே பரீட்சைக்காரர் கையெழுத்துப் போட இடம். வகுப்பே சிரித்ததாம். மேடம் மட்டும், "இதுவே இருக்கட்டும் ஆன்ட்டி, கோடு போட்ட பக்கம் நீங்க எழுதுங்க, வெள்ளைப் பக்கம் நான் எழுதுறேன்" என்று சொல்லியிருக்கிறாள். நீ தீபாவளிக்கு வந்தபோது அந்தச் சர்டிபிகேட்டை உன் முன்னால் நீட்டி, "நீதாம்ல எனக்குப் பரீட்சைக்காரன், போடு கையெழுத்து" என்றாள். நீயும் சிரித்துக்கொண்டே ஆபீஸ் கையெழுத்தை வளைத்து வளைத்துப் போட்டாய். உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. லட்டு தின்றுகொண்டிருந்தாய்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். அவள் அதை எப்போது எழுதினாள் தெரியுமா? சாயங்காலம் வகுப்பு, வந்தால் அசதி, மத்தியானம் மாவு. எழுத அவளுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. காலையில் கடைசி ஈட்டை அடுப்பில் ஏற்றி மூடிவிட்டு, அது வேகிற நேரம் மட்டும்தான் அவள் கை சும்மா இருக்கும். நீ இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன், உனக்கு ஈடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ படிக்கிற பிள்ளை என்று உன்னை அவள் அடுப்புப் பக்கமே விட்டதில்லை, அதனால் சொல்கிறேன். பானையில் அத்தனை தட்டையும் அடுக்கி ஒரே தடவையில் வேக வைத்து எடுப்பது ஒரு ஈடு. கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் விட்டாலும் மேலே தண்ணீர் கோத்துக்கொண்டு இட்லி பிசுபிசுத்துப் போகும், தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கிற சைக்கிள்காரர்கள் வாங்க மாட்டார்கள். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, மடியில் அந்தக் கெட்டி அட்டையை வைத்து எழுதுவாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதுவாள். வெந்த வாசனை வந்ததும் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்துவிடுவாள். எந்த எழுத்தில் நின்றாளோ அதில் நின்றதுதான். மறுநாள் போய் அதை முடிப்பதும் கிடையாது, புதுப் பக்கம்தான். "முடிச்சிட்டு எந்திரியேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "எழுத்து ஆறினா ஒண்ணுமில்ல, இட்லி பாழாப்போகும்லா" என்றாள்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு ஈடு இறக்கி, அடுத்ததை ஏற்றிவிட்டு வந்தேன். நானும் அதே டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் ஆடுகிறது. அவள் எப்படி இதன் மேல் ஆடாமல் உட்கார்ந்தாளோ.

அப்படிப் பாதியில் விட்டதன் மீதியை அவள் வாயால் சொல்லிவிடுவாள். துணியை உரித்து இட்லியைக் கூடையில் தட்டிக்கொண்டே, எனக்குத் தமிழில். ஒரு நாள், 'என் வீட்டுக்காரர் நல்லவர்தான் ஆனால்' என்று எழுதி நிறுத்திவிட்டாளாம். நான் பதறிப்போய், "ஆனால் என்னட்டி?" என்றேன். "ஆனா சட்னிக்கு உப்பக் கையால அள்ளிப் போடுவாரு" என்றாள். இன்னொரு நாள், 'வகுப்பில் வாட்ச்மேன் அண்ணன் எப்போதும் தூங்குவார் ஏனென்றால்'. ஏனென்றால், ராத்திரி வேலைக்குப் போய் அவர் விழித்திருக்க வேண்டுமாம், அதற்கு இங்கே முதல் போடுகிறாராம். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவள் போன பிறகு அந்த வகுப்பு முழுவதும் ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தது, உனக்கு ஞாபகமிருக்காது, நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அந்த மேடம் என்னிடம், "ஆன்ட்டி கா பேஜ் கபி பூரா நஹீ ஹோதா தா, அங்கிள்" என்றாள். ஆன்ட்டியின் பக்கம் ஒரு நாளும் முழுசாக முடிந்ததில்லையாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் 'தென்?' என்று எழுதுவாளாம். அப்புறம்? அதற்கு உன் அம்மா எழுந்து நின்று வகுப்புக்கே மீதியைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதற்காகவே காத்திருப்பார்கள் என்று சொல்லி அந்தப் பெண் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அப்போது எதுவுமே வரவில்லை.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். அவள் வகுப்புக்குப் போகிற வழியில், சயான் பாலத்துப் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது, நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நீ புனேயிலிருந்து ஓடிவந்தாய். அவள் பையை உன் கையில்தான் கொடுத்தார்கள். அந்தத் தாழ்வாரத்திலேயே நின்று ஜர்னலைத் திறந்தாய், கடைசிப் பக்கத்தை. 'டுடே ஐ வான்ட் டு டெல் மை சன்.' இன்றைக்கு என் மகனிடம் சொல்ல வேண்டும். அதோடு நிற்கிறது. நீ அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாய். "அம்மாக்குக் காலையிலயே வலி வந்திருக்குப்பா. எழுத முடியாம நிறுத்திருக்கா. அதச் சொல்லத்தான் எனக்கு போன் பண்ணிருக்கா. நான் மீட்டிங்னு கட் பண்ணிட்டேன்" என்று சொன்னாய். அதற்கப்புறம் அந்த ஜர்னலை நீ யாரிடமும் கொடுக்கவில்லை. வேறு பக்கத்தைப் பார்க்கவும் தைரியமில்லை என்று பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது சொன்னாய்.

ஏலே, வலியில் நிறுத்தவில்லையடா. ஈடு வெந்துவிட்டது, எழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் அங்கேதான் நின்றேன், நாலடி தூரத்தில். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து மூடியைத் திறந்தாள், முகத்தில் ஆவி அடித்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தினமும் பார்த்த முகம்தான் அது. வலியில் இருக்கிற முகம் எனக்குத் தெரியாதா? உன்னைப் பெற்றபோது பார்த்திருக்கிறேன். கூடையில் இட்லியைத் தட்டிக்கொண்டே வழக்கம்போல மீதியை என்னிடம் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. கிரைண்டரில் சட்னித் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தது. வாய் அசைந்தது, கேட்கவில்லை. நான் பாட்டுக்குத் தலையை ஆட்டினேன். முப்பது வருஷமாக ஆட்டுகிற தலை அது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிரைண்டர் நின்றதும், "கேக்காமலே தலைய ஆட்டுதாரு பாரு" என்று சிரித்தாள். "என்னது, சொல்லு" என்றேன். "ஒங்களுக்கு எதுக்கு? நான் அவன்கிட்டயே சொல்லிக்கிடுதேன்" என்றாள். வேலையெல்லாம் ஒழிந்த பிறகு உனக்குப் போன் செய்தாள். நீ மீட்டிங் என்றாய். போனை வைத்துவிட்டு, "மீட்டிங்காம். சாயங்காலம் பேசுவான்" என்று சொல்லிக் கறிவேப்பிலையை உருவ உட்கார்ந்தாள். முகம் வாடவில்லை. நீ மீட்டிங்கில் இருக்கிறாய் என்பதே அவளுக்குப் பெருமை, கேட்டவர்களிடம் எல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

உன்னை ஆறுதல்படுத்த அவள் சொன்னது இதுதான் என்று ஒன்றை நான் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். 'நல்லா இரு' என்றாள், 'அப்பாவைப் பார்த்துக்கொள்' என்றாள் என்று. நீ நம்பியும் இருப்பாய். எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய பேச்சை நான் இட்டுக்கட்டினால் அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் இல்லாமல் போய்விடுவாள். ஆனால் இத்தனை நாள் அவள் சொன்ன மீதிகளைக் கேட்டவன் நான். அதை வைத்துச் சொல்கிறேன், அது ஒரு சின்ன விஷயமாகத்தான் இருந்திருக்கும். முடி வெட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பாள். மாட்டுங்கா கடையில் உனக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பாள். மேடம் தன்னைப் பாராட்டியதைச் சொல்லியிருப்பாள். அந்தச் சின்ன விஷயம் என்னவென்று தெரியாமலேதான் நாம் இரண்டு பேரும் சாகப் போகிறோம். ஆனால் அவள் வலியோடு உன்னைத் தேடினாள் என்று நினைத்துக்கொண்டு நீ சாக வேண்டாம். அப்படி நடக்கவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நன்றாக இல்லை. சைக்கிள்காரர்கள் பாதிப் பேர் வேறு இடம் போய்விட்டார்கள், என் ஒருவன் கையால் அத்தனை ஈடு எடுக்க முடியவில்லை. அது பெரிதில்லை. இப்போதெல்லாம் மூடியைத் திறக்கும்போது கிரைண்டரை நிறுத்திவிடுகிறேன். கை தன்னால் போய் சுவிட்சை அணைத்துவிடுகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பக்கத்து வீட்டு டிவி கேட்கிறது, தண்ணீர் மோட்டார் கேட்கிறது. என்னோடு பேச ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் நிற்கிறேன். பிறகு மறுபடி போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

நான் படித்தவனில்லை, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்று இருக்கிறது. உன்னோடு இருக்கிறவர்கள் பேச வந்து பாதியில் நிறுத்தினால், 'தென்?' என்று கேட்டுவிடு. நாளை உன் வீட்டுக்கு வரப் போகிற பெண்ணிடமும் கேள். மீட்டிங் காத்திருக்கும். கிரைண்டரும் காத்திருக்கும்.

அடுத்தது உத்தரவு என்றே வைத்துக்கொள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவன் நீ. சோதனைகளை எல்லாம் அவள் செய்து முடித்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பக்கம்கூடப் படிக்காமல் இருக்கிற பரீட்சைக்காரனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு வா. முதல் பக்கத்திலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. ஒரு ஈட்டுக்கு ஒரு பக்கம். நின்ற இடத்தில் நிறுத்து, மீதி எனக்கு ஞாபகம் இருக்கிறவரை நான் சொல்கிறேன். பல பக்கத்துக்கு மீதி என்னிடம் இருக்கிறது, உன்னிடம் பாதி இருக்கிறது. தனித்தனியாக வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? கடைசிப் பக்கம் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதுகொள்வோம்.

இதோ, வாசனை வந்துவிட்டது. வெளியே சைக்கிளில் வந்தவர் ஹார்னை அமுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னும் ஈடு எறக்கலயா? நேரம் ஆவுதுல்லா" என்று கத்துகிறார். இறக்கவில்லை. உன் அம்மா ஒரு நாளும் ஒரு ஈட்டைக் கெடுத்தவளில்லை, எழுதினதைத்தான் விட்டுவிட்டு எழுந்தாள். நான் இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை. இட்லியில் தண்ணீர் கோக்கட்டும், பானை வற்றினால் வற்றட்டும், அவர் வேறு இடம் போனாலும் போகட்டும். என் மகனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. அவள் இல்லாத வீட்டில் நீயும் இல்லாமல் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வா.